இருபத்தொன்று கசப்பு, பத்தொன்பது இல்லை

அன்புள்ள கார்த்தி,

இதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் போவதற்குள் படித்து முடித்துவிட்டு, எனக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருப்பாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். மெதுவாகப் படி. புரியாத சொல் வந்தால் அப்பாவிடம் கேள். இதில் இருக்கும் விஷயம் அவருக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டேன். உன்னிடம் நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உன் அறை வாசல்வரை வந்தேன். ஒரு தடவை நீ போனில் இருந்தாய். இன்னொரு தடவை சும்மாதான் இருந்தாய், நான்தான் துவைத்த சட்டைகளை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது நீ அந்தத் தேயிலை கம்பெனி கதையைச் சொன்னாய். நண்பனுக்குத் துணையாகப் போனவன் நீ. காத்திருக்கிற நேரத்தில் உன்னையும் உட்காரவைத்து எட்டுக் கோப்பைகளை நீட்டியிருக்கிறார்கள். எதில் பழைய இலை கலந்திருக்கிறது, எது ஈரத்தில் இருந்தது என்று நீ சொன்னதெல்லாம் சரியாக இருந்திருக்கிறது. குவாஹாட்டிக்கு வா, இரண்டு வருஷம் சுவை பார்க்கப் பயிற்சி தருகிறோம், வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். கையில் ஏற்கெனவே குருகிராம் இன்ஷூரன்ஸ் வேலை இருக்கிறது. அப்பா என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "அது துக்காப்பா, குருட்டாம்போக்குல வந்தது. என் நாக்கை நம்பி யாராவது டீ விப்பாங்களா? அம்மாதான் டென்த்லயே சர்டிபிகேட் குடுத்துட்டாங்களே" என்றாய். நாம் மூன்று பேருமே சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதைத்தான் இந்த வாரம் முழுக்க என்னால் தாங்க முடியவில்லை.

அந்தச் சர்டிபிகேட் கதையில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதி எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

நீ சின்னவனாக இருந்தபோது, அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "வெள்ளரிக்காய்க்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க" என்பாய். அதைவிட நன்றாக என்னால் இன்றுவரை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மறுநாள் விரியப்போகிற மொட்டுகளை முந்தின நாள் சாயங்காலமே நூலால் கட்டிவிடுவோம், தேனீ புகாமல் இருக்க. காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் லேசாகத் தேய்த்து, மறுபடி கட்டி, காம்பில் ஓர் அட்டை தொங்கவிடுவோம். இந்தத் தாய்க்கு இந்தத் தகப்பன் என்று அந்த அட்டையில் எழுதியிருக்கும். அந்த அட்டைதான் எல்லாம். காயைப் பார்த்துத் தகப்பனைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வருஷங்களில் நான் ஒரு காட்டு வெள்ளரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இமயமலை அடிவாரத்தில் வளர்கிற செடி. கட்டைவிரல் அளவுதான் காய், ஆனால் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். சிலந்திப்பேன் அதைச் சீண்டாது, ஏனென்றால் அப்படி ஒரு கசப்பு. அந்தக் கசப்பை நீக்கி, காய்க்கிற குணத்தை மட்டும் நம் வெள்ளரிக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் அதைக் கசப்பே இல்லாத ஒரு செடியோடு சேர்த்தேன். பிறந்த பிள்ளைகளின் இலை எல்லாம் கசந்தது. அந்தப் பிள்ளையின் பூவுக்கு அதே செடியின் மகரந்தத்தையே வைத்தால், பேரப்பிள்ளைகளில் நான்கில் மூன்று கசக்கும், ஒன்று கசக்காது. என் துறையில் இது வாய்ப்பாடு மாதிரி. காய்க்கும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். விதை முளைத்ததும் முதலில் விரிகிற இரண்டு தடித்த இலைகளில் ஓரத்தைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்தால் போதும்.

நீ பத்தாம் வகுப்பில் சயின்ஸ் பிராஜெக்ட் என்று வந்து நின்றபோது, இதைவிடச் சுலபமாக ஒன்று கிடைக்காது என்று நான்தான் சொன்னேன். அனுமதி வாங்கி, அந்தப் பேரப்பிள்ளை விதைப் பையிலிருந்து நாற்பது விதை கொண்டுவந்தேன். நம் மயூர் விஹார் வீட்டு பால்கனியில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே, தட்டுகளில் போட்டாய். நாற்பதும் முளைத்தன. நீ ஒவ்வொன்றாகக் கிள்ளி, நாக்கில் வைத்து, துப்பி, வாய் கொப்பளித்து, கொஞ்சம் காத்திருந்து, அடுத்ததற்குப் போனாய். யாரும் சொல்லித் தராமலே அப்படிக் காத்திருந்தாய் என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். முடித்துவிட்டு அடுக்களைக்கு வந்து, இருபத்தொன்று கசக்கிறது, பத்தொன்பது கசக்கவில்லை என்றாய்.

நான் தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே, அப்படி வராதே, மறுபடி பார் என்றேன். மறுநாள் பார்த்தாய். இருபத்திரண்டு, பதினெட்டு. முப்பதும் பத்தும் வர வேண்டும் என்று சொன்னேன். நாக்கு மரத்துப்போனால் கசப்பு தெரியாது என்று ஒரு பாடம் வேறு நடத்தினேன். நீ ஒரு நாற்றைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"இது கசக்கவே இல்லம்மா. வேணும்னா நீ வாயில வெச்சுப் பாரு."

நான் வைத்துப் பார்க்கவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். உண்மையில் நேரம் இருந்தது. விடை எனக்கு முன்பே தெரியும், அதற்கு எதற்கு வாயைக் கசப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது. இருபது வருஷம் அறிவியல் படித்தவள், கையெட்டும் தூரத்தில் இருந்த ஓர் இலையைக் கிள்ளிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நீ கொடுத்த தாளில் இருபத்தொன்பதும் பதினொன்றும் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாய். பார்த்தாயா, பொறுமையாகச் செய்தால் வருகிறது என்று உன் தலையைக் கலைத்தேன். ஸ்கூலில் அந்தச் சார்ட்டைச் சுவரில் மாட்டினார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம், இவனுக்கு அப்பா நாக்கு, கசப்பே தெரியாது, வேப்பங்கொழுந்தைக் கொடுத்தாலும் தின்பான் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு அது நம் வீட்டு ஜோக் ஆகிவிட்டது. சாம்பாரில் உப்பு பார்க்க வேண்டுமென்றால், அவனைக் கேட்காதே. காபியில் சிக்கரி கூடிவிட்டதா, அவனைக் கேட்காதே. ஒன்பது வருஷம் சொல்லியிருக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் நீ காமர்ஸ் எடுத்தபோது, பயாலஜி வேண்டாமா என்று கேட்டேன். "எனக்கு அது வராதும்மா" என்றாய். நான் வற்புறுத்தவில்லை. பிள்ளை விருப்பத்துக்குக் குறுக்கே நிற்காத அம்மா என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் எங்கள் மரபணு ஆய்வகத்தில் ஒரு புதிய சோதனை முறையைச் சரிபார்க்கப் பழைய விதைகள் கேட்டார்கள். குளிர் அறையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தவற்றில் அந்தப் பையும் ஒன்று. உனக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியவை. முளைக்கவைத்து இலையைச் சோதித்து முடிவைத் தாளில் அனுப்பினார்கள். நான் அதை இரண்டு முறை படித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை. அந்தச் செடிகள் ஒரே செடியின் தாய்ப் பூவுக்கும் தகப்பன் பூவுக்கும் பிறந்தவை அல்ல. அப்படி இருந்தால் சிலவற்றிலாவது, சில இடங்களிலாவது, காட்டு வெள்ளரியின் பங்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். ஒரு செடியில், ஓர் இடத்தில்கூட அது இல்லை. தகப்பன் பூ கசப்பில்லாத செடியிலிருந்து வந்திருந்தால் மட்டுமே இப்படி அமையும். அப்படிப்பட்ட பையில் நான்கில் மூன்று என்ற கணக்கே வராது. பாதி கசக்கும், பாதி கசக்காது. நாற்பதில் இருபது. நீ இருபத்தொன்று என்றாய்.

நேராக நெட் ஹவுஸுக்குப் போய் சாவித்ரி தீதியிடம் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா, லீவு நாட்களில் உனக்குப் பிஞ்சைக் கழுவி உப்புத் தடவித் தருவாளே, அவள்தான். இப்போதும் எங்கள் செடிகளைப் பார்த்துக்கொள்கிறாள். நீ பத்தாவதுக்குப் போவதற்கு முந்தின வருஷம், ஆந்திப் புழுதிக்காற்று அடித்து வலைக்கூரை கிழிந்ததே, அதற்கு மறுநாள் காலை என்ன நடந்தது என்றேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைக்காமலே, ஹிந்தியில், அன்றைக்கே சொன்னேனே மேடம் என்றாள். புழுதிக்காற்றில் என் வரிசையில் கட்டிவைத்த ஆண் மொட்டெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. பக்கத்து வரிசையில் இருந்து எடுத்து வந்தேன் என்று அவள் சொல்லித்தான் கொடுத்தாளாம். "நீங்கதான் டீக் ஹை, ஜல்தி, ஜல்தின்னீங்க" என்று, சரி, சீக்கிரம் என்று நான் விரட்டுகிற மாதிரியே கையை ஆட்டிக் காட்டினாள். பக்கத்து வரிசை கசப்பில்லாத செடி.

சொல்லியிருப்பாள். நானும் சொல்லியிருப்பேன். வெயில் ஏறினால் மகரந்தம் செத்துவிடும், கூரை வேறு கிழிந்து தொங்குகிறது. அப்படியே இருந்தாலும், பூ வைத்த பிறகு செடியருகே நின்று அட்டையை எழுதியிருந்தால், எந்த வரிசைப் பூ இது என்று ஒரு நொடி யோசித்திருப்பேன். எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித் தருகிற விதி அது. அட்டையைச் செடியருகேதான் எழுத வேண்டும், செய்த பிறகுதான் எழுத வேண்டும். என் மாணவர்களை அதற்காக நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் நான் மட்டும் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று, முந்தின சாயங்காலமே நம் சாப்பாட்டு மேஜையில், நீ ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் எழுதி முடித்துவிடுவேன். காலையில் கட்ட வேண்டியதுதான். அன்றும் கட்டினேன். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி வைத்திருந்த அட்டையை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மூன்று வாரம் உன்னிடம் சொல்லவில்லை. நீ இதையெல்லாம் எப்போதோ மறந்திருப்பாய், பத்தாம் வகுப்புப் பிராஜெக்டை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ மறக்கவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் உடனே சொல்லவில்லை. ஏன் என்று இந்த வாரம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். கண்ணா, காரணம் அழகாக இல்லை. உன் நாக்கு உதவாது என்று நீ நம்பிக்கொண்டே இருந்தால் குருகிராமுக்குப் போவாய். காலையில் மெட்ரோ பிடித்துப் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாய். எனக்கு நாற்பத்தெட்டு ஆகிறது. வீட்டில் நீ செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம் இல்லாமல் போவதை நினைத்தால் எனக்குப் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நீ இங்கேயே இருப்பாய். இவ்வளவு சுலபமாக ஒரு பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ள முடியும் என்று தெரிந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கடைசியில், "அப்போ இத்தனை வருஷமா என் நாக்கையும் சேர்த்துல்ல ஓட்டியிருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. பிறகு அவரே, அவனிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் இதுவும் ஜோக் ஆகிவிடும் என்றார்.

அன்றிலிருந்து எனக்கு என்னென்னவோ ஞாபகம் வருகிறது. உனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு கோடை முழுக்கக் குழாயில் தண்ணீர் வராமல் டேங்கர் தண்ணீரில் சமைத்தோம். நீ ஒரு வாய் ரசத்தைக் குடித்துவிட்டு, இன்றைக்கு வேறு டேங்கர் வந்ததா என்று கேட்டாய். வந்திருந்தது. நெட் ஹவுஸில் சாவித்ரி தீதி கண்ணை மூடச் சொல்லிப் பிஞ்சைக் கொடுத்தால், இது ஓரத்து வரிசை, இது நடு வரிசை என்று சொல்வாய். அவள் அசந்துபோவாள். நான் ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கி, சாப்பிட்டது போதும், வயிறு வலிக்கும் என்பேன். இவையெல்லாம் நடந்தவைதான். ஆனால் அந்த ஜோக் வந்த பிறகு ஒன்றுகூட என் ஞாபகத்தில் தங்கவில்லை. ஒருவனைப் பற்றி ஒரு வார்த்தையை முடிவு செய்துவிட்டால், அதற்குப் பொருந்தாததெல்லாம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. உனக்கும் ஒருநாள் பிள்ளை பிறக்கும், உன் கீழே வேலை பார்க்க ஆட்கள் வருவார்கள். அவர்களைப் பற்றி விருந்தாளிகள் முன்னால் ஜோக் அடிப்பதற்கு முன் கொஞ்சம் யோசி.

மூன்றாம் நாள் நீ, முதல் நாள் கணக்கிலிருந்து எட்டுச் செடிகளை மாற்றி எழுதினாய். எந்த எட்டு என்று எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று தெரியவில்லை. அது பொய்தான், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதினைந்து வயதுப் பையன் இரண்டு நாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் நாள்தான் அம்மா கேட்டதைக் கொடுத்தான். அந்த எட்டுச் செடிகளும் என் கணக்கில் சேரட்டும். இனி யாராவது உன்னிடம் மறுபடி பார் என்றால், மறுபடி பார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். மறுபடியும் அதேதான் வந்தால் அதையே எழுது. எதிரே நிற்பவருக்கு எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், அவர் தோசை சுட்டுக் கொடுக்கிறவராகவே இருந்தாலும்.

உன் நாக்கு அபாரமான நாக்கு என்று இப்போது நான் சொல்லப்போவதில்லை. அது இன்னொரு சர்டிபிகேட் ஆகிவிடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று நாற்பது இலைகளைப் பற்றி நீ சொன்னது சரி, நான் சொன்னது தவறு. எட்டுக் கோப்பையும் துக்காவா இல்லையா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். குவாஹாட்டி போ என்று சொல்லமாட்டேன். போகாதே என்று சொல்ல எனக்கு நிறைய ஆசை இருக்கிறது, அதனால்தான் அதையும் சொல்லவில்லை. அங்கே இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது எனக்கு ஆகாது என்று நீயே கண்டுபிடித்துத் திரும்பி வந்தால், அது வேறு. நான் ஒன்பது வருஷத்துக்கு முன் சொன்ன ஒரு தப்பை நம்பி நீ போகாமல் இருந்தால், அதை என்னால் தாங்க முடியாது.

நேற்று எங்கள் துறைத் தலைவரைப் பார்த்தேன். அந்தப் பையிலிருந்து வளர்த்தெடுத்த வரிசை ஒன்றை இந்த வருஷம் புதிய ரகமாக முன்வைப்பதாக இருந்தது. வம்சாவளி தவறு என்று தெரிந்த பிறகு அப்படியே அனுப்ப முடியாது. யாருக்குத் தெரியப்போகிறது, காய் நன்றாகத்தானே இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். காய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். திருத்தி, மறுபடி சோதித்து அனுப்ப இன்னும் இரண்டு பருவமாவது ஆகும். கலப்பு ரெஜிஸ்டரில் பழைய பதிவைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தவறு எனது, அட்டை முன்கூட்டியே எழுதப்பட்டது, மகரந்தம் வேறு வரிசையிலிருந்து வந்ததைச் சாவித்ரி அன்றே சொன்னாள் என்று எழுதினேன். அதற்குக் கீழே, இந்த விதைகளில் கசப்பு விகிதம் முதன்முதலில் சரியாகக் கணக்கிடப்பட்டது, கசப்பு இருபத்தொன்று, கசப்பில்லாதது பத்தொன்பது, கணக்கிட்டவர் என்று போட்டு உன் முழுப் பெயரை எழுதினேன். அந்த ரெஜிஸ்டரில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது, எங்கள் விதி அப்படி.

திங்கட்கிழமை என் கூட்டம் எட்டரைக்கே ஆரம்பிக்கிறது, நான் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். நீ எங்கே எந்தப் பதில் எழுதினாலும், அதில் இலக்கணம் சரியா, மரியாதையாக இருக்கிறதா என்று என்னிடம் காட்ட வேண்டாம். காட்டினால் நான் ஏதாவது திருத்துவேன், என்னைத் தெரியும் உனக்கு. அனுப்பிவிடு. அனுப்பிய பிறகு எனக்குச் சொல்.

அம்மா